மீன் எண்ணெய் மாத்திரை: டப்பாவின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

(பொதட்டூர்பேட்டையில் நடைபெற்ற மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவித்தொகை, ஸகாத் கணக்கு என்று பெரிய விஷயங்களைப் பேசும் இந்தக் கூட்டத்தில் இன்று ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். பொன்னிறத்தில், கண்ணாடி போல, விரல் நுனி அளவில் இருக்குமே, அந்த மீன் எண்ணெய் மாத்திரை. "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கும்போது மருந்துக்கடை பில்லையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை ஆகியவற்றோடு மீன் எண்ணெய் டப்பாவும் அந்த பில்களில் அடிக்கடி வருகிறது. சிலருக்கு அது டாக்டர் எழுதிக் கொடுத்தது. பலருக்கு அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், போனில் வீடியோ வந்தது, துபாயிலிருந்து மகன் அனுப்பினான் என்கிறார்கள். பில்லில் சில நேரம் மற்ற எல்லா மருந்தையும்விட அதன் விலைதான் அதிகமாக இருக்கிறது. தறிக்கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் இதற்கு இவ்வளவு கொடுக்கிறார்கள் என்றால், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் இடத்திலும் இல்லை. டப்பாவின் மேல் அச்சாகியிருப்பதை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் சொல்கிறோம். அதற்குமேல் டாக்டரிடமும் நம் இமாம் ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். லேபிள் என்பதும் அதற்காகத்தான். உள்ளே இருப்பதை வெளியே எழுதிக் காட்டு என்று சட்டம் வியாபாரியிடம் சொல்கிறது. எழுதியிருப்பதைப் படிப்பது வாங்குகிற நம் வேலை.

முன்பக்கத்து ஆயிரம்

டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "1000 மி.கி." என்று இருக்கும். பக்கத்திலேயே "ஒமேகா-3" என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் ஒரு மாத்திரையில் 1000 மில்லிகிராம் ஒமேகா-3 இருப்பதாக நினைத்துக்கொள்வார். பெரும்பாலான சாதாரண டப்பாக்களில் அப்படி இல்லை. அந்த 1000 என்பது மாத்திரைக்குள் இருக்கும் மொத்த எண்ணெயின் எடை. அந்த எண்ணெயில் ஒரு பகுதிதான் ஒமேகா-3.

இப்போது டப்பாவைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் சத்து விவரப் பட்டியல் ஒன்று கட்டம் போட்டு இருக்கும். அதில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள். ஒன்று இ.பி.ஏ. மற்றொன்று டி.எச்.ஏ. மூன்று மூன்று ஆங்கில எழுத்துகள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் கண்டுபிடித்துவிடும். மீன் எண்ணெயில் நாம் தேடும் சத்து இந்த இரண்டும்தான். பரவலாகக் கிடைக்கும் 1000 மி.கி. மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று போட்டிருப்பார்கள். கூட்டினால் 300. மீதி 700 மி.கி.யும் மீன் கொழுப்புதான். அதனால் கெடுதல் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் காசு கொடுத்துத் தேடிய பொருள் அதுவல்ல.

செறிவூட்டிய எண்ணெயும் விற்கிறார்கள். அதே 1000 மி.கி. மாத்திரையில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து 500, 600 என்று இருக்கும். விலை கூடுதலாக இருக்கும். எதை வாங்குவது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உதாரணத்துக்குச் சொல்கிறோம்: ஒரு டப்பா 600 ரூபாய், 60 மாத்திரை, மாத்திரைக்கு 300 மி.கி. இன்னொன்று 900 ரூபாய், 60 மாத்திரை, மாத்திரைக்கு 600 மி.கி. முதல் டப்பாவில் 300 மி.கி.க்கு 10 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் அதே 300 மி.கி.க்கு ஏழரை ரூபாய்தான். விலை குறைவாகத் தெரிந்த டப்பாதான் உண்மையில் விலை கூடியது. துணி வாங்கும்போது பீஸ் விலையைப் பார்க்காமல் மீட்டர் விலையைக் கேட்கிறோம் அல்லவா? நெசவு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டியலின் தலைப்பில் இன்னொன்றையும் பாருங்கள். சில டப்பாக்களில் கணக்கு ஒரு மாத்திரைக்கு என்று இருக்கும். சிலவற்றில் "ஒரு வேளைக்கு" என்று போட்டு, ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை என்று சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். அப்போது அந்த எண்ணைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். 60 மாத்திரை டப்பாவும் இரண்டு மாதத்துக்கு வராது, ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் சிலவற்றில் தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்றொரு கட்டம் இருக்கும். இ.பி.ஏ., டி.எச்.ஏ. வரிசைக்கு எதிரே நட்சத்திரக் குறி போட்டு, கீழே "அளவு நிர்ணயிக்கப்படவில்லை" என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான பெரியவருக்கு இரண்டும் சேர்த்து நாளைக்கு 250 மி.கி. போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மீனைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

எந்த எண்ணெய்?

அடுத்து, உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்று பாருங்கள். கடையில் எல்லாவற்றையும் "மீன் மாத்திரை" என்றே கேட்கிறோம். ஆனால் அதில் நான்கைந்து வகை இருக்கிறது.

முதல் வகை மீன் எண்ணெய். மத்தி, நெத்திலி போன்ற கொழுப்பு மீன்களின் உடலிலிருந்து எடுப்பது.

இரண்டாவது மீன் ஈரல் எண்ணெய். காட் என்ற குளிர்கடல் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்குக் கால் வளையாமல் இருக்க இதைத்தான் கொடுத்துவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் அரசாங்கமே சிறு குழந்தைகளுக்கு இதை வழங்கியது. போரினால் நார்வே எண்ணெய் நம் நாட்டுக்கு வருவது தடைப்பட்டபோது, அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. "ஷார்க் லிவர் ஆயில்" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த ஞாபகம் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலருக்கு இருக்கும்.

ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் வைட்டமின் டி-யும் இருக்கின்றன. அதுதான் அதன் பலம். கவனிக்க வேண்டியதும் அதுதான். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் உடம்பில் தங்கும். கர்ப்பிணிக்கு அது கூடினால் வயிற்றில் உள்ள பிள்ளைக்குக் குறைபாடு வரலாம். கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெய் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் அரசு மருத்துவத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்றதும் ஆசையோடு வாங்கிக் கொடுக்கும் மாமியார்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். பாசத்தில் குறை இல்லை. ஆனால் டப்பாவில் "லிவர்" என்ற சொல் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையிலேயே வைட்டமின் ஏ இருந்தால் இரண்டும் சேர்ந்து கூடிவிடும்.

மூன்றாவது கிரில் எண்ணெய். இது மீன் இல்லை. தென் துருவக் கடலில் கிடைக்கும், இறால் போன்ற ஒரு சிறு உயிரினம். இங்கே மார்க்கச் சட்டமும் வருகிறது. கடல் உணவு ஆகுமானது என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஹனஃபி மத்ஹபில் கடல் பிராணிகளில் மீன் மட்டும்தான் ஆகும். இறால் விஷயத்திலேயே உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் விசாலம் இருக்கிறது. நம் ஊரில் இரு தரப்புக் குடும்பங்களும் இருக்கின்றன. கிரில் எண்ணெய் வாங்குவதற்கு முன் ஹஜ்ரத்திடம் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, கடல்பாசி எண்ணெய். மீனுக்கே ஒமேகா-3 வருவது அது தின்னும் பாசி வகைகளிலிருந்துதான். அந்தப் பாசியிலிருந்தே நேரடியாக எடுப்பது இது. சைவம் என்பதால் பச்சைப் புள்ளி இருக்கும். கூட்டின் பிரச்சினையும் பெரும்பாலும் இதில் இருக்காது. அதை அடுத்துச் சொல்கிறோம்.

"ஒமேகா 3-6-9" என்று எண்களை அடுக்கி விற்கும் டப்பா ஒன்றும் உண்டு. எண் கூடினால் சத்தும் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஆறு நம் வீட்டுச் சூரியகாந்தி எண்ணெயில் தாராளமாக இருக்கிறது. ஒன்பது கடலை எண்ணெயில் இருக்கிறது. தாளிக்கும் சட்டியில் தினமும் கிடைப்பதை மாத்திரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆளி விதை எண்ணெயும் ஒமேகா-3 என்றே விற்கிறது. அது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் மிகச் சிறு பங்கைத்தான் இ.பி.ஏ., டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்கிறது.

மேல்கூடு எதனால் ஆனது?

எங்களிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. மீன் ஹலால், அதில் சந்தேகமில்லை. எண்ணெயைச் சுற்றியிருக்கும் அந்தக் கூடு எது?

பெரும்பாலும் ஜெலட்டின். பிராணிகளின் எலும்பையும் தோலையும் பதப்படுத்தி எடுக்கும் பொருள். மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள், பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள், மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் தயாராகும் ஜெலட்டினில் பெரும்பங்கு பன்றித் தோலிலிருந்து வருவது. வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாக்களில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நம் நாட்டு உணவு டப்பாக்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு நிற முக்கோணமும் போட வேண்டும். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று முக்கோணமாக மாற்றினார்கள். மீன் எண்ணெய் டப்பாவில் இந்த முக்கோணம் இருக்கும், ஏனென்றால் மீனே அசைவம்தான். ஆகவே அந்தக் குறியை வைத்துக் கூடு மாடா, மீனா, பன்றியா என்று கண்டுபிடிக்க முடியாது. குறி சொல்வது அசைவம் என்பதை மட்டும்தான்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? "உட்பொருட்கள்" என்ற பகுதியில் பாருங்கள். அங்கே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். "மீன் ஜெலட்டின்" என்று இருந்தால் மனம் நிம்மதி. "மாட்டு ஜெலட்டின்" என்று இருந்தால், அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி மீதமிருக்கிறது. வெறும் "ஜெலட்டின்" என்று மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது. எலும்பும் தோலும் வேறு பொருளாக முற்றிலும் மாறிவிட்டால் சட்டம் மாறுமா என்பதில் உலமாக்களிடையே இரண்டு கருத்துகளும் இருக்கின்றன. அதில் நாங்கள் தலையிடவில்லை. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் சந்தேகமானவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். அவசியமான மருந்து ஒன்றின் கூடு என்றால் அது வேறு விஷயம், அதை டாக்டரையும் ஹஜ்ரத்தையும் வைத்து முடிவு செய்யலாம். விருப்பத்துக்கு வாங்கும் சத்து மாத்திரைக்குச் சந்தேகத்தில் இறங்க வேண்டிய நெருக்கடி என்ன இருக்கிறது?

ஹலால் முத்திரை இருந்தால் வேலை சுலபம். ஆனால் அரபியில் "ஹலால்" என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. அதை வழங்கிய அமைப்பின் பெயர் முத்திரையில் இருக்க வேண்டும். மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் மூயிஸ் என்று அரசு சார்ந்த அமைப்புகள் கொடுக்கின்றன. நம் நாட்டில் ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் ஹலால் டிரஸ்ட், சென்னையில் இயங்கும் ஹலால் இந்தியா போன்றவை சான்று கொடுக்கின்றன. பெயர் இல்லாத முத்திரை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளக் கூடியது.

டப்பாவில் வாடிக்கையாளர் சேவை எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். "உங்கள் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது?" என்று ஒரே வரி எழுதிக் கேளுங்கள். போனில் சொல்வதைவிட எழுத்தில் வாங்குவது நல்லது. டிரஸ்ட் அலுவலகத்துக்கு டப்பாவைக் கொண்டுவந்தால் நம் கல்லூரி மாணவர்களே உங்கள் சார்பில் எழுதிக் கேட்பார்கள்.

நம்பர், தேதி, வாசனை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின், 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பையில் போட்டு விற்பதை வாங்காதீர்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் பில்லோடு திருவள்ளூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

காலாவதி தேதியைப் பாருங்கள். மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் பொருள். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. நம் பகுதிக் கோடை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பு மேடையிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். சலுகை விலை என்று மூன்று டப்பா சேர்த்து வாங்கி வருடக் கணக்கில் வைத்திருப்பதும் வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாசனை சரி. பழைய எண்ணெய்ச் சிக்கு நாற்றமும் காரலும் இருந்தால் தூக்கிப் போடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் எடுத்தால் மீன் ஏப்பம் வரும். நோன்பு காலத்தில் எடுப்பவர்கள் பேரீச்சம்பழத்தோடு விழுங்காமல், இரவு உணவோடு எடுத்துக்கொள்ளலாம்.

"மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"

டப்பாவில் உள்ள மிக முக்கியமான வரிக்கு இப்போது வருகிறோம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி சத்து மாத்திரை டப்பாக்களில் "உடல்நலத் துணை உணவு" என்றும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றும் ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும். விற்கும் கம்பெனியே தன் கையால் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. அதைப் படிக்காமல்தான் நம்மில் சிலர் மருந்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவ உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். குடும்பத் தலைவர் விசைத்தறித் தொழிலாளி. பல வருடமாக பிரஷர் மாத்திரை எடுத்துவந்தவர். "அது கெமிக்கல், இது இயற்கை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தார். பிரஷர் ஏறுவது வெளியே தெரியாது. ஒருநாள் விடியற்காலை வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இப்போது அவருடைய மனைவி தறிக்குப் போகிறார். பிரஷர் மாத்திரை அவருக்கு அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைத்துவந்தது. இலவசமாகக் கிடைத்த மருந்தை விட்டு, காசு கொடுத்து வாங்கியதை நம்பியிருக்கிறார்.

அப்படியானால் மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது பொய்யாகப் பிறந்த பேச்சு இல்லை. 1970களில் டென்மார்க் மருத்துவர்களான பேங், டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். கடல் பிராணிகளையே அதிகம் உண்ணும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு அந்தக் கொழுப்பு காரணமாகலாம் என்றார்கள். 1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரை வைத்து நடந்த ஆய்வில் நாளைக்கு ஒரு கிராம் அளவில் எடுத்தவர்களிடையே மரணம் குறைந்தது. அங்கிருந்துதான் டப்பா வியாபாரம் வளர்ந்தது.

ஆனால் மருத்துவம் அதோடு நிற்கவில்லை. மறுபடியும் சோதித்தார்கள். 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். அங்கும் மொத்தமாகப் பார்க்கையில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மாரடைப்பு வந்தவருக்கு மீண்டும் வராமல் இந்த மாத்திரை தடுக்காது என்று ஐரோப்பிய மருந்து ஆணையமும் 2018 இறுதியில் அறிவித்தது.

ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் உள்ள சிலருக்கு, சுத்திகரித்த இ.பி.ஏ.வை நாளைக்கு 4 கிராம் கொடுத்த ஓர் ஆய்வில் பலன் தெரிந்தது. வேறு வகைக் கலவையை அதே 4 கிராம் கொடுத்த இன்னொரு ஆய்வில், 2020இல், பலன் தெரியவில்லை. நம் சாதாரண மாத்திரையில் 4 கிராம் இ.பி.ஏ. வேண்டுமானால் ஒரு நாளைக்கு 20 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். அளவு கூடக்கூட, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஆபத்தும் கூடுகிறது என்று அதே ஐரோப்பிய ஆணையம் 2023இல் எச்சரித்திருக்கிறது. அந்த 4 கிராம் டாக்டரின் சீட்டில், டாக்டரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது.

ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி எடுங்கள். நீங்களாக எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரை எதையும் இதற்காக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயர் பதியாதவர்கள் இருந்தால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், பதிய உதவுகிறோம்.

சட்டியில் இருக்கும் மாத்திரை

அந்த 250 மி.கி. கணக்குக்கு இப்போது வருவோம். மத்தி மீனில் 100 கிராமுக்குச் சுமார் ஒரு கிராம், அதாவது 1000 மி.கி. அளவில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் இருக்கும். பருவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஒருவர் வாரத்தில் இரண்டு முறை 100 கிராம் வீதம் மத்தி சாப்பிட்டால் 2000 மி.கி. அதை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 285 மி.கி. தினமும் ஒரு மாத்திரை போட்ட கணக்கு அது. கூடவே புரதமும் கிடைக்கும், முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கூடு ஹலாலா என்ற கேள்வி இல்லை, காலாவதி தேதி தேட வேண்டியதில்லை. வாரம் இரு முறை மீன் என்பதைத்தான் அமெரிக்க இதயநோய்ச் சங்கமும் சொல்கிறது.

நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் பழவேற்காடு நம் மாவட்டம்தான். காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது. வஞ்சிரம், வவ்வால் என்று விலை கூடிய மீனைத் தேட வேண்டாம். மத்தி, அயிலை, நெத்திலி ஆகியவைதான் இந்தச் சத்தில் முன்னணியில் இருப்பவை. "முள் அதிகம், வாடை அடிக்கும், விருந்தாளிக்கு வைக்க முடியாது" என்று நாம் ஒதுக்கும் மீன்கள் இவை. ஏரி மீன் நல்ல உணவுதான், ஆனால் இந்தச் சத்து கடல் மீன் அளவுக்கு இருக்காது. நிறைய எண்ணெயில் பொரித்தால் மீன் கொழுப்பு வெளியேறிச் சட்டி எண்ணெய் உள்ளே ஏறும். குழம்பாக வைப்பது மேல். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகள் சுறா போன்ற பெரிய மீன்களைத் தவிர்த்துச் சிறு மீன் சாப்பிடலாம். பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

மீனே பிடிக்காதவர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை இருக்கட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தை மீன்காரரிடம் கொடுத்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம்.

டிரஸ்டின் முடிவு

இறுதியாக நிர்வாகக் குழு எடுத்த முடிவைத் தெரிவிக்கிறோம். அடுத்த மாதம் முதல் மருத்துவ உதவி பில்லில் மீன் எண்ணெய் உள்ளிட்ட சத்து மாத்திரைகள் இருந்தால், டாக்டர் சீட்டு இணைத்திருந்தால் மட்டுமே அந்தத் தொகை கணக்கில் சேரும். யார் மீதும் குறை சொல்வதற்காக இந்த முடிவு இல்லை. உங்கள் ஸகாத்தும் ஸதகாவும் எங்கள் கையில் அமானிதம். அதிலிருந்து இன்சுலினுக்கும் டயாலிசிஸுக்கும் போக வேண்டிய ரூபாய், 1000 என்று முன்பக்கத்தில் அச்சடித்ததை நம்பி வேறு வழியில் போகக் கூடாது.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் டப்பாக்களைக் கொண்டுவாருங்கள். மீன் எண்ணெய் மட்டுமில்லை, எந்த மாத்திரை டப்பாவாக இருந்தாலும் சரி. எண்ணெய் எது, இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் எவ்வளவு, கூடு எது, தேதி என்ன, யார் எடுக்கக் கூடாது என்று ஐந்தையும் படித்து ஒரு தாளில் தமிழில் எழுதித் தருவார்கள். தாய்மார்கள் அந்தத் தாளை டப்பாவோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், ஹலாலான உணவையும், அதை அறிந்து தேடும் தெளிவையும் தந்தருள்வானாக. நோயுற்றிருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.